ஜாக்கியும் நாசிலும் மாப்பிள்ளையின் பாடும்

மாசி எட்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி பதினான்கு நிமிடம். மேகமே இல்லை, கிழக்கிலிருந்து மெல்லிய காற்று. அந்த நிமிடத்தில் வழுக்கி விழுந்து என் கால் உடைந்திருந்தால் குடும்பத்துக்கு நஷ்டம் குறைவு.

மாப்பிள்ளை சேகரின் படகு எஞ்சின் நான்கு நாளாகக் கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது. மறுநாள் விடியலில் அவருக்குப் பாடு. எங்கள் பழவேற்காட்டு ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. முறை வைத்துத்தான் இடம்; அந்த முறைதான் பாடு. தவறவிட்டால் மறுபடி பதினாறு நாள் காத்திருக்க வேண்டும்.

"நாசில் பூட்சு போலக்குது மாமா. ஆரம்பாக்கத்துல செக் பண்ணிட்டு வந்துர்றேன். மெக்கானிக் முந்நூறு ரூபா கேப்பான்" என்று அந்த நிமிடத்தில்தான் சொன்னார்.

நாசில் என்பது எஞ்சினுக்குள் டீசலைத் தூறலாகப் பீய்ச்சும் விரல் நீளச் சாமான். பீய்ச்சுகிறதா என்று பார்க்க முந்நூறா? முப்பத்தோரு வருஷம் மின்மீட்டர் எண் குறித்தவன் நான். செல்போனில் ஒன்பது வீடியோ பார்த்தேன். (ஒன்பதும் இந்தி. எனக்கு இந்தி தெரியாது.) பழைய லாரி ஜாக்கியின் எண்ணெயை வடித்து டீசல் ஊற்றினேன். வண்டியைத் தூக்கும் தண்டைக் கழற்றி, அந்த வாயில் ஒரு குழாயும் அழுத்தம் காட்டும் மீட்டரும் வைத்து வெல்டிங் செய்தாயிற்று. குழாய் முனையில் நாசில்.

"நைனா, அந்தாண்ட வலை காயுது. வேற எங்கனா வெச்சிக்க" என்றாள் மகள்.

"பனி மாதிரி வரும்மா. காத்தோட பூடும்."

ஜாக்கிக் கைப்பிடியை அடித்தேன். மீட்டரில் அழுத்தம் நூறு கிலோ. நூற்றைம்பது. இருநூறைத் தொட்டதும் 'ச்சிர்ர்' என்றது. அடடா, என்ன தூறல்! நாசிலில் ஒரு குறையும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்து வீட்டாருக்குக் காட்டினேன். கைப்பிடியை மொத்தம் முப்பத்தெட்டு முறை அடித்தேன். தூறல் நான் சொன்னபடி காற்றோடுதான் போயிற்று. போய் வலையில் உட்கார்ந்தது.

நாசில் நன்றாக இருக்கிறதென்றால் புகை எங்கிருந்து? மாப்பிள்ளை எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழியைத் திறந்தார். உள்ளே என் பழைய பனியன். (மணல் போகக் கூடாதென்று போன வாரம் நானே அடைத்தது.) பிடுங்கியதும் எஞ்சின் சுத்தமாகப் பாடியது. எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் அதே பாடு முறையில் கூட்டாளியான முனுசாமி வந்து வலையை முகர்ந்தார்.

"இன்னா பெருசு, இது வலையா, டீசல் பங்க்கா?"

"சோப்புத்தூள் போட்டு மூணு தபா அலசிட்டேன்பா."

"இத்த தண்ணில எறக்குனா எங்க எறாவும் சேந்து ஓடிப்பூடும். எங்க வலை பக்கத்துலயே நிக்குது இல்ல? சேகரு, இந்தத் தபா நீ வராத."

மாப்பிள்ளை சரியென்று தலையாட்டினார். அவர் திட்டியிருந்தால் நான் இரவு சாப்பிட்டிருப்பேன். விடியலில் மற்ற படகுகள் போயின. எங்கள் படகு கரையிலேயே, புகையில்லாத எஞ்சினோடு.

இன்றும் வீட்டுக் குழம்பில் இறால் குறைந்தால் மகள் கேட்பாள்: "இன்னா, நைனா நாசில் பாத்தாரா?" மாப்பிள்ளை அப்போதும் எனக்குத்தான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுவார்.

மீட்டர், குழாய், வெல்டிங், டீசல், சோப்புத்தூள், புது வலை, தவறிப்போன பாட்டின் இறால், எல்லாம் சேர்த்து இருபத்தோராயிரத்து இருபத்தைந்து ரூபாய்.