கொசுவலைக்குள் குளவிகள்

மாமியார் மாவு டப்பாவைத் திறந்தார். உள்ளேயிருந்து ஏழு அந்துப்பூச்சிகள், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் பறந்து வெளியே வந்தன.

"எட்டு," என்றாள் இளைய மருமகள். "ஒண்ணு உங்க தோள்ல உக்காந்திருக்கு, அத்தை."

"எண்ணத் தெரியுது. எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லத் தெரியலையா?"

சொல்லத் தேவையே இல்லை. சமையலறையை ஒட்டிய சாமான் அறையில் பதினோரு தட்டுகளில் உடைத்த தானியத்தைப் பரப்பி, அந்துப்பூச்சியின் புழுக்களை வளர்ப்பவள் அவள்தான். புழுக்கள் குளவிகளுக்கு. குளவிகள் தென்னைக்கு.

வீட்டுக்குப் பின்னால் இருநூறு தென்னைகள் நின்றன. கருந்தலைப்புழு விழுந்து, ஓலையெல்லாம் யாரோ தீ வைத்ததுபோல் கருகிக்கொண்டிருந்தது. அவள் கணவரின் அண்ணன் கடைக்குப் போய் இரண்டு கேன் பூச்சிமருந்து வாங்கி வந்தார். விவசாய அலுவலகத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்திருந்த இளைய மருமகள், ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிக் குழாய்களோடு குறுக்கே நின்றாள்.

"மருந்து வேண்டாம், அத்தான். இது எறும்பு அளவுக்குச் சின்னக் குளவி. புழுவைத் தேடிப் போய்க் கொட்டி, அது மேலயே முட்டை வெக்கும். குஞ்சுங்க புழுவைத் தின்னே வளரும். மருந்து அடிச்சா முதல்ல சாகறது இதுதான்."

"குளவியை வெச்சுத் தோப்பைக் காப்பாத்தப் போறியா? நல்லவேளை, யானையை வெச்சுக் கொசு விரட்டறேன்னு சொல்லாம விட்டியே!"

கடைசியில் போட்டி என்று ஆனது. நடு வாய்க்காலுக்குக் கிழக்கே நூறு மரம் அவளுக்கு, மேற்கே நூறு மரம் அத்தானுக்கு. மூன்று மாதம் கெடு; கடைசியில் யார் பக்கத்தில் உயிருள்ள புழு குறைவோ அவருக்கு ஜெயம். அவள் தோற்றால் தோப்பு முழுக்க மருந்து, அதோடு வீட்டுக்குள் ஒரு புழுகூட இருக்கக் கூடாது.

"ரெண்டும் சமமா வந்தா?" என்று கேட்டாள்.

"சமமா வந்தா மருந்து. மூத்தவன் நான்தானே?"

அவள் தலையாட்டிவிட்டாள். அன்று மாலையே தன் நோட்டில், 'முதல் தவறு: சமம் என்பதற்கு யோசிக்காமல் சம்மதித்தது' என்று எழுதினாள்.

இரண்டாவது தவறு, இருபத்திரண்டாம் நாள் மாவு டப்பாவிலிருந்து பறந்தது.

"இன்னிக்கே இதெல்லாம் என் சமையலறைப் பக்கத்துலேருந்து போகணும்," என்றார் மாமியார்.

தட்டுகள் மாடியில் அவளுடைய படுக்கையறை மேசைக்குப் போயின. மறுநாள் எறும்பு வந்தது. மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தாள். எறும்புகள் ஜன்னல் திரை வழியாக இறங்கின. திரையைக் கழற்றினாள். தட்டுகள் மேல் வெயில் விழுந்தது. வெயில் தாங்காத புழுக்கள் தட்டை விட்டு இறங்கி நிழல் தேடிப் போயின. கணவருடைய தலையணைக்கு அடியில் நல்ல நிழல் இருந்தது.

"என் தலைமாட்டுல முப்பது புழு!" என்று கத்தினார் கணவர்.

"முப்பத்தி நாலு. அசையாதீங்க. மீதி நாலு உங்க சட்டைப் பையில."

யோசித்துப் பார்த்ததில் ஒரே வழிதான் தெரிந்தது. கட்டில் மேல் கொசுவலை இருந்தது. எறும்பு நுழையாது, அந்துப்பூச்சி தப்பாது, கட்டில் பக்கம் வெயிலும் வராது. தட்டுகளையும் குழாய்களையும் கட்டிலில் அடுக்கி, வலையைச் சுற்றிலும் மெத்தைக்கு அடியில் செருகினாள். கணவனும் மனைவியும் தரையில் பாய் விரித்தார்கள்.

"எந்த வீட்டுலயாவது பூச்சி கொசுவலைக்குள்ள, மனுஷன் வெளியிலயா?"

"இன்னும் ரெண்டு மாசம்தாங்க."

"கொசு ரெண்டு மாசம் லீவு போட்டிருக்கா?"

கடித்தது கடித்தபடி நான்கு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மதியம், கட்டிலுக்கு அடியில் ஒரு கொசுவர்த்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

தோப்பிலிருந்து அவள் திரும்பி வந்தபோது வலைக்குள் வெள்ளைப் புகை மேகம் போல நின்றது. நானூறு குளவிகளில் உயிரோடு இருந்தவை பத்தொன்பது.

விஷயம் கேள்விப்பட்டு அத்தான் மாடிக்கே ஏறி வந்தார். சிரித்துச் சிரித்து அவருக்கு மூச்சு வாங்கியது.

"என் மருந்து வேண்டாம்னே. உன் புருஷனே வீட்டுக்குள்ள அடிச்சுட்டான் பாரு! போதும்மா, விட்டுடு. தோத்துட்டேன்னு சொல்றதுல அவமானம் ஒண்ணும் இல்ல."

"பத்தொன்பது இருக்கு, அத்தான்."

"பத்தொன்பதை வெச்சு நூறு மரமா?"

"பத்தொன்பதும் பொண்ணு."

அந்தப் பத்தொன்பதையும் அவள் திரும்பவும் முதலிலிருந்து வளர்த்தாள். ஒரு குழாய், ஒரு புழு, ஒரு தாய்க்குளவி, பஞ்சில் ஒரு சொட்டுத் தேன். குளவி தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய புழுவைக் கொட்டி அசையவிடாமல் செய்யும். முட்டை வைத்த பிறகும் விட்டுப் போகாது. தூரிகை முனையால் தொட்டால் முட்டைகளுக்கு முன்னால் வந்து நின்று சண்டைக்குத் தயாராகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் முதுகும் கொஞ்சம் நிமிர்ந்ததுபோல் இருந்தது.

குளவிகளை மரத்தின் உச்சியில்தான் விட வேண்டும். அதற்கு மரமேறி ஒருவர் இருந்தார். ஆள் குட்டை. ஆனால் எல்லோரும் அவரை எப்போதும் மர உச்சியிலேயே பார்த்ததால் 'நெட்டை' என்று பெயர் வந்துவிட்டது. வாரத்தில் ஒரு நாள் அவளுடைய குழாய்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு கிழக்கே ஏறுவார். மறுநாள் அத்தானுடைய மருந்துக்காகக் கைப்பம்பை முதுகில் கட்டிக்கொண்டு மேற்கே ஏறுவார். அது முடிந்த பிறகுதான் காலிக் குழாய்களைக் கழுவித் திருப்பிக் கொடுப்பார்.

"ஒரு மரத்துக்கு ஒரு குழாய், அண்ணே. ஒரு குழாய்ல பத்துக் குளவி. மாறிடக் கூடாது," என்று ஒவ்வொரு வாரமும் சொல்வாள்.

"சரி, சின்னம்மா," என்று ஒவ்வொரு வாரமும் அவர் சொல்வார்.

மருந்து நாளில் அத்தான் வாய்க்கால் கரையிலேயே நின்றுகொள்வார். மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, "என்ன வீரியம், என்ன வீரியம்!" என்பார். மாலையில் தலைவலி என்று படுத்துவிடுவார். மாமியார் தைலம் தேய்த்துவிடுவார்.

"அத்தானுக்கே இந்தப் பாடுன்னா புழு என்ன ஆகும்?" என்று கணவர் கவலைப்பட்டார்.

அவளுக்கு வேறு கவலை. நோட்டுக் கணக்கு இடித்தது. பயிற்சியில் சொன்னபடி பத்துப் புழுவில் எட்டின் மேலாவது குளவி முட்டை இருக்க வேண்டும். அவள் பார்த்த ஓலைகளில் நாலுதான் இருந்தது. தேன் குறைவா? பஞ்சு இறுக்கமா? கொசுவர்த்தி வாசனை இன்னும் மெத்தையில் இருக்கிறதா? மெத்தையை வெயிலில் போட்டாள். தேனை மாற்றினாள். அடுத்த வாரமும் நாலுதான். தனக்குக் கை ராசியில்லை என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி, மறுநாள் காலையில் அதை அடித்துவிட்டு, மேலும் இருபது குழாய் கூட்டினாள்.

கெடு முடிந்த அன்று வீட்டு முற்றத்தில் மேசை போட்டார்கள். நெட்டை இரண்டு பக்கத்திலிருந்தும் பத்துப் பத்து ஓலை வெட்டிக் கொண்டுவந்து போட்டார். ஓலைகள் பச்சைக்குத் திரும்பியிருந்தன. உயிருள்ள புழுவை எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

அவள் மேற்குப் பக்கத்து ஓலையைப் பார்க்கக் குனிந்தாள்.

"தொடாதே! மருந்து பட்ட ஓலை. ஏதாவது ஆயிடப் போகுது," என்று அத்தான் தடுத்தார். கையுறை மாட்டி, கைக்குட்டை கட்டி, தன் ஓலைகளைத் தானே எண்ணினார். அவள் தன்னுடையதை எண்ணினாள்.

"எனக்குப் பன்னிரண்டு," என்றார் அத்தான்.

அவள் மூன்று தடவை எண்ணினாள். மூன்று தடவையும் பன்னிரண்டு.

"சமம்!" அத்தான் கையுறையைக் கழற்றி மேசையில் போட்டார். "சமம்னா என்னன்னு பேசினோம்?"

மாமியார், "அவ கட்டில்ல படுத்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுடா," என்றார்.

"அதுக்கு நான் என்னம்மா பண்ண? நாளைக்கே நாலு கேன் வாங்கறேன். கிழக்கு, மேற்கு எல்லாம் ஒரே மருந்து."

"கிழக்குல அடிக்க விட மாட்டேன்," என்றாள் அவள்.

"ஒத்துக்கிட்டியா, இல்லையா?"

"ஒத்துக்கிட்டேன். இப்ப மாத்திக்கிட்டேன்."

"இதென்ன நியாயம்?"

"உங்க நியாயத்தை நீங்க போட்டீங்க. என்னுதை நான் போடறேன். பத்தொன்பதுலேருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கேன், இன்னும் மூணு மாசத்துல பத்துக்கு எட்டு காட்டறேன். அதுக்குள்ள கிழக்குல ஒரு மரத்துல ஒரு சொட்டு மருந்து விழுந்தாலும், பதினோரு தட்டையும் உங்க கட்டில்ல கொண்டுவந்து கவுப்பேன். உங்க அறையில கொசுவலையும் கிடையாது."

கணவர் தன்னையறியாமல் சிரித்துவிட்டு, இருமலாக மாற்றிக்கொண்டார்.

அத்தானுக்கு முகம் சிவந்தது. அவளோடு பேசிப் பயனில்லை என்று திரும்பி, ஓரமாக அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்த நெட்டையைப் பார்த்தார்.

"இவ பேச்சை விடு. நாளைக் காலையில ரெண்டு பக்கமும் சேர்த்து அடிச்சுடு."

நெட்டை அரிவாளை இடுப்பில் செருகினார்.

"அடிக்கணும்னா நீங்களே ஏறி அடிங்க, ஐயா. அடிச்ச மரத்தை மறுநாள் நெஞ்சோட கட்டிப்பிடிச்சு ஏறுறவன் நான்ங்கறதால, மூணு மாசமா உங்க பக்கத்துல தெளிச்சது வாய்க்கால் தண்ணி, விட்டது சின்னம்மா குளவியில பாதி."