குருத்தோலையில் எழுதிய தக்காளிப் பெயர்கள்

காரைக்குடி
18.3.97

மாதாவின் காவல் நம் இரு வீட்டுக்கும் இருக்கட்டும்.

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய சம்பந்தி ஜோசப் ராஜ் அவர்களுக்கு, மரியப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் சகாயம்மாளும் சுகம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் மகள் அனிதாவும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலிக்குச் சகாயம்மாள் கொடுத்துவிட்ட தைலம் கேட்டதா என்று பதில் போடவும். கேட்கவில்லை என்றாலும் கேட்டது என்றே எழுதவும். இந்த வீட்டுக்கு வருகிற கடிதத்தை முதலில் பிரிப்பது அவள்தான், போகிற கடிதத்தைக் கடைசியாகப் பார்ப்பதும் அவள்தான்.

சாக்கோட்டைக்கு டவுன் பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம், நேரில் வந்து சொல்லாமல் இதென்ன கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். நேரில் சொல்லத் தைரியம் இல்லை, அதுதான் காரணம். போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருந்தேன். வழக்கமாக நான் போனால், கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன், பூசைக்குப் பிந்தி வந்தேன் என்று மூன்றையும் சொல்லி, பத்து மந்திரம் அபராதம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். இந்த முறை நாலாவதாக ஒன்று இருந்தது. முழுவதும் கேட்ட சாமியார், மந்திரம் எதுவும் வேண்டாம், உம்முடைய சம்பந்திக்கு உண்மையை உம் கைப்பட எழுதிப் போடும் என்று சொல்லிவிட்டார். ஆகவே இது கடிதம் அல்ல, அபராதம். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

விஷயம் தங்கள் வீட்டு நாட்டுத் தக்காளி விதையைப் பற்றியது. நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும், கிணற்றடியில் விதவிதமாகத் தக்காளி போடப்போகிறேன் என்று தங்களிடம் சொன்னதும், தாங்கள் போன ஆவணியில் ஒரு சின்னப் பொட்டலத்தை நூல் சுற்றிக் கொண்டுவந்து, "எங்க ஆத்தா காலத்து விதை சம்பந்தி, பத்திரம்" என்று என் கையில் வைத்ததும் நினைவிருக்கும். அத்துடன் பி.கே.எம். ஒன்று, கோ-3 ஒன்று, முட்டை மாதிரி இருக்குமே அந்தப் பெங்களூர்த் தக்காளி ஒன்று, மாப்பிள்ளை ஏதோ கண்காட்சியில் வாங்கிவந்த கோலிக்குண்டு அளவுத் தக்காளி ஒன்று, ஆக ஐந்து ரகம். நாற்றுப் பாவிய அன்று சகாயம்மாள்தான் ஒவ்வொரு விதையாகக் கிண்ணத்தில் கொட்டி எடுத்துத் தந்தாள். நாற்றும் நன்றாக வந்தது. அதற்குள் ஐப்பசி மழையில் தங்கள் வீட்டுக் கூரை ஒழுகி, விதைப்பானை நனைந்து, இருந்த விதையெல்லாம் பூஞ்சணம் பிடித்துப்போக, கிறிஸ்துமஸ் விருந்தில் தாங்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே, "இனி எங்க விதை உலகத்துல உங்க வீட்டுலதேன் இருக்கு சம்பந்தி" என்று சொன்னீர்கள். அன்றைக்கு எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

முப்பத்தோரு வருடம் கல்லூரி ஆய்வகத்தில் ஸ்டோர்கீப்பராக இருந்தவன் நான். பெயர் ஒட்டாத பாட்டிலைத் தொட்டதில்லை, தொட விட்டதுமில்லை. அப்படிப்பட்டவன் செடிகளை வரிசையாக நட்டிருக்க வேண்டும். இடம் இல்லை. கிணற்றடியில் ஏழு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நாலு, பழைய எண்ணெய் டின்களில் எட்டு என்று கிடைத்த இடத்தில் நட்டேன். பெயர்ச்சீட்டு இருந்தால் போதுமே என்ற தைரியம். காகிதத்தில் எழுதினேன், மார்கழித் தூறலில் கரைந்தது. டின்னில் சாக்பீஸால் எழுதினேன், பக்கத்து வீட்டுக் கோட்டைச்சாமியின் ஆடு வந்து முதுகைத் தேய்த்துச் சுத்தமாக அழித்துவிட்டுப் போனது. அப்போதுதான் சுவரில் மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்த, போன குருத்து ஞாயிற்றுக்கு மந்திரித்துக் கொடுத்த குருத்தோலை கண்ணில் பட்டது. காய்ந்து, விறைப்பாக, எழுதுவதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. கீற்றாகக் கிழித்து, காம்பஸ் முனையால் பெயரைக் கீறி, மேலே கரியைத் தேய்த்து, ஒவ்வொரு செடியின் அடியிலும் குத்திவைத்தேன். மழைக்கும் அழியாது, மந்திரித்த ஓலை என்பதால் பூச்சியும் அண்டாது என்று எனக்கு இரட்டிப்புச் சந்தோஷம். சகாயம்மாளுக்குத்தான் முகம் சரியில்லை. "மந்திரிச்ச ஓலைய மண்ணுல குத்துறீகளே, இது அடுக்குமா?" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

திருநீற்றுப் புதனுக்கு முந்தின வாரம் நான் பென்ஷன் விஷயமாக வெளியே போயிருந்த நேரத்தில், கோயில் உபதேசியார் வீடு வீடாக வந்து, "பழைய குருத்தோலை இருந்தாக் குடுங்கம்மா, சாம்பலுக்கு எரிக்கணும்" என்று கேட்டிருக்கிறார். வருடா வருடம் கேட்பதுதான். சகாயம்மாள் தோட்டத்துக்குப் போய் ஒரு கீற்று விடாமல் பிடுங்கி, கிணற்றுத் தண்ணீரில் மண்ணைக் கழுவி, முந்தானையால் துடைத்து, உதட்டில் ஒற்றி முத்தி செய்து மொத்தத்தையும் கொடுத்துவிட்டாள். நான் வந்து பார்க்கிறேன், செடிகள் எல்லாம் அநாதையாக நிற்கின்றன. "சகாயம், ஓலையெல்லாம் எங்க?" என்றேன். "கோயிலுக்குப் போயிருச்சு. அது போக வேண்டிய எடத்துக்குத்தான போயிருக்கு" என்றாள். புதன்கிழமை சாமியார் என் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டபோது, இது பி.கே.எம்.மா, கோ-3ஆ, சம்பந்தி வீட்டு நாட்டுத் தக்காளியா என்றுதான் என் புத்தி ஓடியது. அன்று கோயிலில் இருந்த நானூறு பேர் நெற்றியிலும் என் தோட்டத்து விவரம் முழுவதும் இருந்தது, படிக்கத்தான் முடியவில்லை.

காய் பழுத்ததும் பெங்களூரும் கோலிக்குண்டும் தாமாகவே தெரிந்துவிட்டன. மீதி மூன்று ரகமும் ஒரே உருண்டை, ஒரே சிவப்பு. கோட்டைச்சாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பரம்பரை விவசாயி, ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், "தக்காளி தக்காளிதேன், அதுக்குப் போயி ஞானஸ்நானப் பேரா வைக்க முடியும்?" என்று கேட்டுவிட்டு, அரைக்கிலோ பறித்து மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார். சகாயம்மாளிடம் தினம் ஒரு செடியின் பழத்தில் ரசம் வைக்கச் சொன்னேன். ஒன்பது நாள், நவநாள் மாதிரி ஒன்பது ரசம். குடித்துப் பார்த்து, "எல்லாம் ரசமாத்தான் இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னாள். ராத்திரி எனக்குத் தூக்கம் போயிற்று. தங்கள் தாயார் கைவிதை என் கவனக்குறைவால் அழிந்தது என்று நாளை பேச்சு வந்தால், அனிதா அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள் என்று உண்மையிலேயே பயந்தேன்.

அந்தப் பயத்தில்தான் அந்தப் பாவத்தைச் செய்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எங்கள் தக்காளியை நாக்கு சொல்லிவிடும் என்று கல்யாணத்தின்போது தாங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த மாதம் முதல் ஞாயிறு தங்களைச் சாப்பிட அழைத்தது பாசத்தால் மட்டும் அல்ல. தவக்காலம், கறி மீன் கிடையாது, தக்காளியை முன்னால் வைத்தால் சந்தேகமும் வராது. கிணற்றடி, டின், துவைக்கிற கல் என்று இடத்துக்கு ஒன்றாக மூன்று பழத்தை நறுக்கி, உப்புத் தொட்டு, மூன்று தட்டில் வைத்தேன். முதல் தட்டை ருசி பார்த்து, "இது சந்தைச் சரக்கு, கூட்டத்துக்கு ஆக்கிப் போடலாம்" என்றீர்கள். இரண்டாவதில் ஒரு துண்டோடு தட்டைத் தள்ளிவைத்தீர்கள். மூன்றாவது, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துச் செடிப் பழம். வாயில் போட்டதும் தாங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "இதேன்! இதேன் சம்பந்தி! எங்க ஆத்தா வெயிலுல நின்னு பறிச்சுக் குடுக்குமே, அதே புளிப்பு" என்றீர்கள். தங்கள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நானோ முன்பே தெரிந்தவன்போலத் தலையை ஆட்டி, "பெயர் எழுதி வச்சு வளர்த்தேன்ல" என்று சொல்லிவிட்டேன். அதுதான் நாலாவது பாவம். சோறு போட வந்த சகாயம்மாள் அந்த நேரத்தில் சடாரென்று அடுக்களைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. சிரிப்புச் சத்தம்போலக் கேட்டது, இருமல் என்றாள்.

ஆக, எனக்கு ஒன்றும் தெரியாது, தங்கள் நாக்குதான் கண்டுபிடித்தது. என் பொய்யை மன்னிக்கவும். அந்தச் செடியின் முதல் தரப் பழத்தைப் பிழிந்து, இரண்டு நாள் டம்ளரில் புளிக்கவைத்து, அலசி, நிழலில் உலர்த்தி, இத்துடன் விதையை அனுப்பியிருக்கிறேன். பொட்டலத்தின் மேல் பெயரும் தேதியும் எழுதி, குண்டூசியும் குத்தியிருக்கிறேன். தங்கள் சொத்து தங்களிடமே வந்து சேர்ந்தது. என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் அனிதாவுக்கும் எங்கள் ஆசீர்வாதம். தவக்காலம் முடிந்து வருகிற பாஸ்குத் திருவிழாவுக்கு எல்லோரும் குடும்பத்துடன் இங்கே வந்து, வயிறார உண்டு, மனக்குறை இல்லாமல் திரும்ப வேண்டும்.

தங்கள் அன்புள்ள,
மரியப்பன்

பி.கு.: கவரை ஒட்டப் பசை கேட்டேன். பசையோடு வந்த சகாயம்மாள் கடிதத்தை நின்றபடியே படித்தாள், பிறகு உட்கார்ந்து படித்தாள், பிறகு இருமினாள். எழுந்து போய்ப் பெரிய வேதாகமத்தைக் கொண்டுவந்து விரித்தாள். உள்ளே தங்கள் பொட்டலம், நூல்கூடப் பிரிக்காமல் இருக்கிறது. அப்படியானால் நான் நட்டது என்ன என்று கேட்டேன். "சந்தையில வாங்குனதுல ரெண்டு அழுகிப்போச்சு, அந்த விதையத்தேன் கிண்ணத்துல கொட்டிக் குடுத்தேன். நீங்க மூணு தரம் பாவுன கத்தரி ஒண்ணாச்சும் மொளைச்சுச்சா? சம்பந்தி வீட்டு விதைய எப்படி நம்பிக் குடுக்கச் சொல்றீக?" என்றாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றால், "நீங்க ஓலையத்தான கேட்டீக, விதையக் கேட்டீகளா?" என்கிறாள். ஒன்பது ரசம் வைத்தாயே என்றால், தவக்காலத்துக்கு ஒரு ஒறுத்தல் வேண்டாமா என்கிறாள். எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. அந்த நூலைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

ஆகவே மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர எதையும் பொருட்படுத்த வேண்டாம். குண்டூசி குத்திய பொட்டலம் சந்தைத் தக்காளி, விதைக்க வேண்டாம். தாங்கள் கண் கலங்கியதை நான் யாரிடமும் சொல்லமாட்டேன். நூல் சுற்றியதுதான் தங்கள் தாயார் விதை, அதையும் இதே கவரில் வைத்திருக்கிறேன். அதில் பாதிதான் இருக்கும். மீதிப் பாதியைச் சகாயம்மாள் எடுத்து மறுபடி வேதாகமத்துக்குள் வைத்துவிட்டாள். அவர்கள் விதையை அவர்களுக்குக் கொடுக்க என்ன தயக்கம் என்று கேட்டேன்.

"பானைய நனைய விட்டதும் அவுகதான" என்கிறாள்.