தகரக்காது எழுதிய இரண்டாவது வரி

நான் இந்த ஆயுளில் அதிகமாக வைதது என் வீட்டுக்காரரைத்தான் என்று கோச்சடையில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தப்பு. அந்தப் பெருமை தகரக்காதுக்கே சேரும். அவரை வைத வார்த்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நாகமலை உயரத்துக்கு வரும். இதைச் சொல்லும்போதே இன்னும் நாலு வசவு வாயில் வருகிறது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் தெருவில் யாருக்கும் தெரியாது. ஓட்டல்களிலும் எண்ணெய்க் கடைகளிலும் காலியாகிற பதினைந்து கிலோ தகர டின்களை வாங்கி, சோடா உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, என்னைப் போல முறுக்கு, அதிரசம் போட்டு விற்கிறவர்களுக்குக் கொடுப்பது அவர் தொழில். டின்னைக் கண்டால் விரலை மடக்கித் தட்டுவார். காதை வைத்துக் கேட்பார். அப்புறம் அதைச் சூரியனுக்கு நேரே தூக்கி, உள்ளே தலையை விட்டுப் பார்ப்பார். ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் போச்சு. "நட்சத்திரம் தெரியுது" என்று தூக்கி எறிந்துவிடுவார்.

தன் டின்னோடு நிறுத்தினால் பரவாயில்லை. எண்ணெய்க் கடையில் விற்பனைக்கு அடுக்கிய புது டின்களையும் தட்டுவார். கடைக்காரர் எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு விரட்டுவார். ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தவர், பாதிச் சாப்பாட்டில் எழுந்து, எச்சில் கையோடு சமையல்கட்டுக்குள் போய் நெய் டின்னைத் தட்டினார். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் அன்றைக்கு ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம், அவரை வெளியே தள்ளியது.

என் வீட்டுக்கும் வந்தார். ஊறுகாய் ஜாடி உடைந்துபோனதால், நாலு மாசம் பார்த்துப் பார்த்துப் போட்ட எலுமிச்சை ஊறுகாயை ஒரு டின்னில் கொட்டி வைத்திருந்தேன். மூடியைத் திறந்தவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போய் வாசல் சாக்கடையில் கவிழ்த்தார்.

"யோவ், ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"தங்கச்சி, எலுமிச்சை தகரத்தத் திங்கும். நீ எலுமிச்சையத் திம்ப. அப்பத் தகரம் எங்க இருக்கும்?"

"நாலு மாசமா ஊறுனதுய்யா அது."

"உள்ள பாரு. ஈயப் பூச்செல்லாம் போயி எம்புட்டுத் துரு ஏறிக் கெடக்குன்னு."

பார்த்தேன். துரு ஏறித்தான் கிடந்தது. அதற்காக வைவதை நிறுத்த முடியுமா? ஊறுகாய் என்னுடையது.

அதையாவது மன்னிக்கலாம். என் மகளை உசிலம்பட்டியில் கட்டிக்கொடுத்தபோது அவர் என் மானத்தில் கை வைத்தார். எங்கள் வழக்கத்தில் மறுவீட்டுப் பலகாரத்தை டின் டின்னாகக் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஒவ்வொரு டின்னிலும் கொடுக்கிறவர் பேர் சிவப்புப் பெயிண்டில் இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுத் தெரு முழுக்க அதைப் படிக்கும். அந்த வீட்டில் பெண்ணை எப்படி நடத்துவார்கள் என்பது அன்றைக்கே பாதி முடிவாகிவிடும்.

பதினொரு டின் நிரப்பி வைத்திருந்தேன். தகரக்காது காலையில் வந்து மூடிகளை இறுக்கிப் பேர் எழுதினார். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். முதல் வரியில் 'பேச்சியம்மாள், கோச்சடை' என்று என் பேர் பெரிதாக இருந்தது. அதைப் படித்து முடித்ததுமே நெஞ்சு நிறைந்துவிட்டது. கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. ஏதோ வாழ்த்து எழுதியிருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

உசிலம்பட்டியில் குட்டியானை லோடு வண்டியிலிருந்து டின்களை இறக்கி வாசலில் வரிசையாக வைத்தோம். தெருவே கூடி நின்றது. சம்பந்தியம்மாள் முதல் டின் முன்னால் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

"பேச்சியம்மாள், கோச்சடை. முன்னால் இதில் இருந்தது பாமாயில்."

அடுத்த டின்னுக்கு நகர்ந்தாள்.

"பேச்சியம்மாள், கோச்சடை. இடது மூலை நசுங்கல். முறுக்குக்குப் பாதகமில்லை."

அதற்கடுத்தது.

"பேச்சியம்மாள், கோச்சடை. அதிரசம் தீர்ந்தபின் புளி போடக் கூடாது."

பதினொன்றையும் விடவில்லை. கடைசியில் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பொண்ணப் பத்திக்கூட எங்ககிட்ட இம்புட்டு வெவரம் சொல்லலையே மதினி."

தெரு சிரித்தது. என் மகள் நிலைப்படியில் தலையைக் குனிந்துகொண்டாள்.

டவுன் பஸ்ஸில் திரும்பி வந்து, நேரே அவர் கொட்டகைக்குப் போனேன்.

"எம் மக தலகுனிஞ்சு நின்னாய்யா. பழைய டின்னுன்னு ஊருக்கே தண்டோராப் போட்டுட்டியே."

"எழுதுனதுல பொய் இருக்கா தங்கச்சி?"

"பொய் இருந்தாத்தான் தேவலையே."

"பலகாரம் ஒம் பொறுப்பு. டின்னு எம் பொறுப்பு. நாளைக்கு அந்த வீட்ல யாராச்சும் அதுல புளியப் போட்டு வச்சா, கொழம்பு ஊத்தித் திங்கிறதுல ஒம் மகளும் இருப்பால்ல?"

ஊறுகாய்க் கோபத்தையும் சேர்த்து வைதுவிட்டு வந்தேன். ஒரு வருசம் அவரிடம் பேச்சில்லை, டின்னும் வாங்கவில்லை.

அப்புறம் மகள் போன் போட்டாள்.

"அம்மா, ஏழாவது டின்னுல எழுத்து அழிஞ்சிருச்சு. எள்ளு போடலாமான்னு அந்த மாமாட்ட அத்தை கேக்கச் சொன்னாங்க."

"சிரிச்சவ தானடி ஒங்க அத்தை?"

"அதெல்லாம் பழைய கதை. இப்ப எழுதாத டின்னுல ஒரு சாமானும் போட மாட்டாங்க. தெருவுல யாரு டின்னு வாங்குனாலும் என்னையத்தான் கூப்புட்டுத் தட்டிப் பாக்கச் சொல்றாங்க. பொங்கச் சீருக்கும் அவர்ட்டயே எழுதி வாங்கிட்டு வந்துரும்மா."

தலை குனிந்தவள் குரல் அன்றைக்கு நிமிர்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் கோபத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் கொட்டகைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி ஒரு டின்னை எடுத்துத் தட்டினார். காதை வைத்தார். மறுபடியும் தட்டினார். காதை மாற்றி வைத்தார். மூன்றாம் முறை தட்டிவிட்டு, டின்னை விட்டு என் முகத்தைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. டின் நன்றாகத்தான் ஒலித்தது. அவர் காதில்தான் விழவில்லை. நான் தலையை ஆட்டினேன். பெயிண்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

இப்போது தினமும் சாயங்காலம் போகிறேன். அவர் தட்டுகிறார், நான் கேட்டுத் தலையாட்டுகிறேன். சாக்கடையில் போன ஊறுகாய்க்காகவும் அந்த இரண்டாவது வரிக்காகவும் அவரை வைவதை மட்டும் நான் விடவில்லை. தூரத்தில் நின்று வைதால் அவருக்கு ஒன்றும் கேட்பதில்லை. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து வைகிறேன்.