ஆகார் அழுத இடம்

'இதே இடம்தான்' ஆசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. நெகேவ் பாலைவனத்தில் இவர்கள் செழித்து வளர்கிறார்கள். அங்கே வேறெதுவும் அவ்வளவாக வளர்வதில்லை. பெயெர்செபா ஊர்க்காரர் எல்நாத்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். வேத வரலாறு பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டி. ஆபிரகாம் கூடாரம் போட்டது, ஈசாக்கு கிணறு வெட்டியது, எலியா செத்தால் போதுமென்று சூரைச்செடியடியில் படுத்துக்கொண்டது, எல்லாமே பேருந்து நிறுத்த வசதியான இடங்களில்தான் நடந்திருக்கின்றன. கொஞ்சம் நிழலும் இருந்துவிட்டால் கூடுதலாக ஒரு தீர்க்கதரிசி வருவார்.

போன கோடையில் ஒரு மண்பாதையில் பேருந்து நின்றது. நிறுத்தவில்லை, தானாகவே நின்றது. ஓட்டுநர் நாயெஃப் வண்டிக்கடியில் புகுந்துகொண்டார். எல்நாத்தான் சும்மா இருப்பாரா? ஆபிரகாம் பிள்ளையோடு துரத்திவிட்ட அடிமைப்பெண் ஆகார், தோல் துருத்தியில் தண்ணீர் தீர்ந்துபோய், பிள்ளையைச் செடியடியில் கிடத்திவிட்டு அழுதது இதே இடம்தான் என்று ஒலிபெருக்கியில் உருக ஆரம்பித்தார். வறண்ட நாக்கை வர்ணித்தார். வெடித்த உதட்டை வர்ணித்தார். கேட்டவர்களுக்குத் தாகம் எடுத்துவிட்டது. தண்ணீர்க் கேன்களைத் தேடினால், காலையில் அவர் சொற்பொழிவாற்றிய விடுதி வாசலிலேயே அவை தங்கிவிட்டிருந்தன.

ஹைஃபாவிலிருந்து வந்திருந்த சிப்போரா அம்மாள் சர்க்கரை நோயாளி. முகம் வெளுத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா, அந்த ஆகாருக்கு தேவதூதன் கிணத்தைக் காட்டினான்ல? அதுவும் இங்கதானே இருக்கணும்?"

எல்நாத்தான் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். பக்கத்தில்தான் என்று ஏதோ ஒரு திசையில் கைகாட்டினார். காட்டிவிட்ட பாவத்துக்கு நடந்தார். அந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தெரிந்த ஜெபங்களையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே குன்றேறி இறங்கினால், ஒரு தர்பூசணித் தோட்டம். பாசனக் குழாய் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. மண்டியிட்டு ஒரு பாட்டம் அழுதார். பிறகு தொப்பி நிறையப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

சிப்போரா அம்மாள் குடித்து முடித்து நிமிர்ந்தார். "என்னப்பா இது, பிளாஸ்டிக் வாடை அடிக்குது?"

"கிணறு அதேதாம்மா," என்றார் எல்நாத்தான். "குழாய்தான் புதுசு."

விபரீதம் என்னவென்றால், அதை அவரே நம்பிவிட்டார். இப்போது நல்ல பேருந்தும் அங்கே நிற்கிறது. தோட்டக்காரர் வேலி போட்டுவிட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஊர் காட்டக் கிளம்புகிறவர்தானே நீங்கள்? அடுத்த முறை ஏதோ ஒரு மரத்தடியில் "இங்கதான் சார்" என்று விரலை நீட்டுமுன், பின்னால் நிற்கிறவருக்குத் தாகமாக இருக்கிறதா என்று ஒருதரம் திரும்பிப் பாருங்கள்.