எரிய மறுத்த எலக்ட்ரோலைட்

லித்தியம் பேட்டரிக்குள் எலக்ட்ரோலைட் என்று ஒரு திரவம் உண்டு. மின்சாரம் சேர்வதும் செலவாவதும் அதன் தயவில்தான். சூடு தலைக்கேறினால் குபீரென்று பற்றிக்கொள்வதும் அதுவேதான். அரசு ஆய்வகத்தில் ஒரு பெண் விஞ்ஞானி, தன் இளமையில் பாதியைச் செலவழித்து, பற்றிக்கொள்ளாத எலக்ட்ரோலைட் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதை ஊற்றிச் செய்த பேட்டரி ஆணி அடித்தாலும் சும்மா இருந்தது. சார்ஜும் கூடுதலாக நின்றது. இயக்குநர் பெருமகிழ்ச்சி தெரிவித்து, உரிய சான்றிதழ் பெற்றுவருமாறு பணித்தார்.

தீப்பாதுகாப்புச் சான்றிதழ் அதிகாரி கடமை தவறாதவர். ஆணியைத் தன் கையாலேயே அடித்தார். சுற்றிலும் ஊழியர்கள் மணல் வாளியோடு நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு ஆணி அடித்தார். டீ வந்தது; குடித்தார்கள்.

"எப்பம்மா எரியும்?"

"எரியாது சார். அதுதான் இதோட விசேஷம்."

"தீப்பிடிச்சா குறிச்ச நேரத்துக்குள்ள அணையுதான்னு பார்த்துத்தான் சான்றிதழ் தரணும். பிடிக்காத தீயை நான் எப்படிம்மா அணைக்கிறது?"

"பிடிக்கவே இல்லைன்னா அணைஞ்ச மாதிரிதானே சார்?"

"பிறக்காதவனுக்கு இறப்புச் சான்றிதழ் கேக்கறீங்க" என்றார் அதிகாரி, உண்மையான வருத்தத்தோடு.

இயக்குநர் சமாதானம் சொன்னார். "பழைய திரவத்தைத் துளி கலந்துடும்மா. பேருக்கு ஒரு பொறி வந்தாப் போதும். இல்லைன்னா நம்ம ஆய்வகத்தையே இழுத்து மூடிடுவாங்க."

விஞ்ஞானி ஒரு துளி கலந்தார். புகை மட்டும் வந்தது. புகைக்கு வேறு துறை என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் கலந்தார். சுடர் வந்தது, வாயால் ஊதியதும் அணைந்துவிட்டதால் அதைத் தீ எனக் கருத இயலாது என்றார்கள். கலந்து கலந்து, கடைசியில் பழைய திரவம் மட்டுமே மிஞ்சியது.

அன்று சுவாலை கூரையைத் தொட்டது. அதிகாரியின் ஒரு புருவம் போயிற்று. ஊழியர்கள் மணலைக் கொட்டி உரிய நேரத்தில் அணைத்தார்கள். "மேம்படுத்தப்பட்ட எலக்ட்ரோலைட்" என்று அங்கேயே முத்திரை குத்தப்பட்டது.

மறுவாரம் அதிகாரி ஆய்வகத்துக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"பொண்ணுக்கு ஸ்கூட்டர் வாங்கித் தரேன்மா. அந்த எரியாத பேட்டரி ஒண்ணு கிடைக்குமா?"

"அதுக்குச் சான்றிதழ் இல்லையே சார்."

"வீட்டுக்குத்தானேம்மா."

மீதியிருந்தது மூன்று பேட்டரி. ஒன்றை அதிகாரி துணிப்பையில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை இயக்குநர் மேலாய்வு செய்வதற்காக வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்றாவதைத் தன் கணவரின் வண்டியில் மாட்டிவிட்டு வந்து, விற்பனைக்குப் போகும் சரக்கின் தர உறுதியில் விஞ்ஞானி கையெழுத்துப் போட்டார்.

முத்திரையைப் பார்த்து ஜனங்கள் கடைகளில் முண்டியடித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒரு புது ஸ்கூட்டர் வாங்கிவந்து காட்டினாள்.

"நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்கன்னு தைரியமா வாங்கிட்டேன் அக்கா. ராத்திரி மாடிப்படிக்குக் கீழ நிறுத்திக்கறேன்."

"வேண்டாம்மா, தெருவிலேயே நிறுத்து" என்றார் விஞ்ஞானி. "வண்டிக்குக் காத்து வேணும்."