பூஜையில் வைத்த தபால்

எங்கள் மேற்கு மாம்பலத் தெருவில் இருந்த டயல்டோன் மாமாவைப் போல யாரையுமே நம்பாத மனிதர் உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. பேச ஆள் இல்லாவிட்டாலும் ரிசீவரை எடுத்து, சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டு வைப்பார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் மாமிக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

தொண்ணூறுகளின் கடைசியில், இமெயில் என்றால் என்ன என்று தெரு கேட்டுக்கொண்டிருந்தபோதே, மாமா தன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தபால் நிலையமாக்கிவிட்டார். நம் கடிதம் ஏன் ஊரான் பெட்டியில் கிடக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கேட்டவர்களுக்கெல்லாம் முகவரி கொடுத்தார். படிக்க மட்டும் அவர் வீட்டுக்கே போக வேண்டும். மோடம் கிறீச்சிடும்போது மாமி மிக்ஸி போடக்கூடாது, வந்தவர்கள் தும்மக்கூடாது.

வேலையில்லாமல் அலைந்த நான், சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்கு அந்த முகவரியைத்தான் கொடுத்திருந்தேன். சரஸ்வதி பூஜையன்று, அங்கே வேலை பார்த்த நண்பன் எதிர்வீட்டு போனில் கூப்பிட்டான். வேலை உத்தரவை இமெயிலில் அனுப்பிவிட்டார்களாம். மாலைக்குள் சம்மதம் எழுதாவிட்டால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடுமாம். விழுந்தடித்து ஓடினேன்.

மாமா வீட்டுக் கூடத்தில், புத்தகங்களுக்கு நடுவே, கம்ப்யூட்டர் பட்டுத்துணி போர்த்திச் சாமியாகியிருந்தது. பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். பூஜையில் வைத்ததை நாளைக் காலை புனர்பூஜை முடியாமல் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு மாமி சுண்டல் தாளிக்கப் போய்விட்டார்.

மாமா என் சட்டையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போனார். அரிசி டிரம்முக்குப் பின்னால், ஒரு பழைய புடவைக்கு அடியில் ஏதோ உறுமிக்கொண்டிருந்தது.

"கூடத்துல இருக்கறது வெறும் டப்பாடா. அசல் இதான். போன வருஷம் ஒரு நாள் தபால் இல்லாம நான் பட்ட பாடு போறும். மாமிக்குத் தெரிஞ்சா என்னையே பூஜையில வெச்சுடுவா."

சிக்கல் மோடத்தின் சத்தம்தான். கிறீச்சிட்டால் சமையலறைக்குக் கேட்டுவிடும். மாமா பூஜை மணியை எடுத்து வந்து என் கையில் திணித்தார். அவர் டயல் செய்தார், நான் மணி அடித்தேன். லைன் கிடைக்கவில்லை. மறுபடி டயல், மறுபடி மணி. ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டே போனது. என் கை மரத்துவிட்டது.

"இந்த நேரத்துல யாரு மணி அடிக்கறா?" மாமியின் குரல்.

"பையன் வேலை கிடைக்கணும்னு வேண்டிண்டிருக்கான்" என்றார் மாமா. அதில் பொய்யே இல்லை.

ஒரு வழியாக லைன் கிடைத்தது. கடிதம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. சம்மதத்தை மாமாவே தட்டி அனுப்பினார். இருட்டுவதற்குள் அது போய்ச் சேர்ந்துவிட்டது.

புடவையைத் திரும்பப் போர்த்தக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம். காலையிலேயே வைத்ததுபோல நன்றாகக் காய்ந்திருந்தது.

அறை வாசற்படியில் சுண்டல் கிண்ணத்தோடு மாமி நின்றிருந்தார்.

"தபால் போச்சா? இதுக்கும் பொட்டு வெச்சேன், ஸ்விட்சை மட்டும் அணைக்கலை. அணைச்சா நீங்க சாப்பிட மாட்டேளே."

யாரையும் நம்பாத மாமா, இரண்டு கையையும் நீட்டிச் சுண்டலை வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டு பேர் மேலும் எனக்கு இன்றைக்கும் கொள்ளைப் பிரியம். ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் என் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கிறேன். அணைப்பதில்லை.