மெக்சிக்கோ அம்மாவை வரச்சொன்ன கதை

செத்த வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது யாரும் "போயிட்டு வாறம்" என்று சொல்வதில்லை. பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஆனால் இந்த முறைகளில் எந்தப் பட்டதாரிக்கும் விட்டுக்கொடுத்தது கிடையாது. அதுதான் வினையாகப் போயிற்று.

அது 2009. ஊர்ச் சண்டையில் செத்தவர்களுக்காக இங்கே செத்த வீடுகளுக்குப் போய்ப் போய் நாங்கள் எல்லோரும் ஓய்ந்திருந்த வருடம். லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தேத்தண்ணி ஊற்றுவது நான்தான். (சம்பளம் இல்லை, அதிகாரம் உண்டு.) ஒரு நாள் தலைமை ஆசிரியர் தன் பக்கத்து வீட்டு மெக்சிக்கோப் பெண்ணைக் கூட்டிவந்தார். அவர்கள் ஊரில் இறந்தவர்களை வருடா வருடம் வீட்டுக்கு அழைத்து விருந்து வைப்பார்களாம். அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வந்தாளாம்.

மேசையில் செவ்வந்திப் பூ, மெழுகுதிரி, பாண், சீனியில் செய்த மண்டையோடு. நடுவில் அவளுடைய தாயின் படம். தாய் தவறி ஆறு மாதமாம். விசா இழுபட்டதில் செத்த வீட்டுக்குக்கூடப் போக முடியவில்லையாம்.

"முடிய, பிள்ளையள் எல்லாரும் படத்திலை இருக்கிற அம்மாவுக்கு 'போயிட்டு வாங்கோ' எண்டு சொல்லவேணுமாம், அக்கா. இவவுக்கு அது பெரிய ஆசை" என்றார் தலைமை ஆசிரியர்.

தேத்தண்ணி மேசைக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன்.

"ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. திரும்பிப் பாராமல் நடவுங்கோ. வீட்டை போனவுடனை தலை முழுகுங்கோ."

முடிந்ததும் அவள் தாயின் படத்தோடு வாசலில் சிரித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் பாடை தூக்குகிற முகத்தோடு அவளைக் கடந்து போனார்கள். (ஒரு நாளும் சொல்வழி கேளாததுகள், அன்றைக்கென்று கேட்டதுகள்.) அவள் தாயின் படத்தைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினாள்.

"என்னக்கா செய்தனீங்கள்?"

"செத்தவையை ஆரும் திரும்பி வரச்சொல்லுறதே, மாஸ்டர்?"

"அவவுக்குத் தாய் திரும்பி வரவேணுமாம், அக்கா. தாயின்ரை முகத்தைக் கடைசியாப் பாக்கேல்லையாம்."

முழங்கால் நோவோடு படத்துக்கு முன்னால் போய்க் கைகூப்பினேன். "போயிட்டு வாங்கோ அம்மா. அடுத்த வருசம் எங்கடை வீட்டையும் ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்று மண்டபம் அதிரச் சொன்னேன். (கடைசி வசனம் பழக்கதோசம். ஆருக்கும் சொல்வதுதானே.) தலைமை ஆசிரியர் அதை இங்கிலீஷில் சொல்ல, அவள் அழுதபடியே சிரித்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு கதவு அடிபட்டால் போதும், "அம்மா, உங்கடை மெக்சிக்கோ விருந்தாளி வந்திட்டா, தேத்தண்ணி ஊத்துங்கோ" என்பான் மகன்.

நான் எழும்புவதில்லை.

"இவ்வளவு காலமா வந்து போறவவுக்குக் கேத்தில் எங்கை எண்டு தெரியாதே? தனக்கு ஊத்தேக்கை எனக்கும் ஒண்டு ஊத்தச் சொல்லு."